கேள்வி பதில்: ஏஜென்ட்டுகள் கூடி வேலை செய்யும்போது

தானே முடிவெடுத்து இயங்கும் மென்பொருளை ஏஜென்ட் என்கிறோம். அப்படிப்பட்டவை ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் எப்படிப் பேசிக்கொள்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைப்பது புதிதில்லையே. அதற்கு எதற்கு ‘ஏஜென்ட்டுகளின் உரையாடல்’ என்று தனிப்பெயர்?
– வாசகர், ஈரோடு

ஒரு ஃபங்ஷனை அழைத்தால் அது ஓடித்தான் ஆக வேண்டும். ‘இப்போது முடியாது’ என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஏஜென்ட்டுக்கு அந்த வழி உண்டு. அதற்கென்று ஒரு குறிக்கோள் இருக்கிறது, கையில் வேறு வேலை இருக்கலாம், அல்லது அது வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். மறுக்கக்கூடிய ஒருவரிடம் எப்படிக் கேட்போமோ அப்படித்தான் அதனிடம் கேட்க வேண்டும்.

அதனால் செய்திக்குள் தகவல் இருந்தால் மட்டும் போதாது. அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதும் இருக்க வேண்டும். ‘3-ஆம் கதவு திறந்திருக்கிறது’ என்பது வெறும் அறிவிப்பா, மூடச் சொல்லும் வேண்டுகோளா, திறந்திருக்கிறதா என்ற கேள்வியா? ஆளுக்கு ஆள் பேசும்போது தொனியில் புரிந்துகொள்வோம். மென்பொருளுக்கு அதைத் தனிப் புலமாக எழுதித் தர வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஏஜென்ட்டுகள் செய்தி பரிமாறிக்கொள்ள வந்த கேக்யூஎம்எல் மொழி இதைத்தான் செய்தது. பிறகு, ஏஜென்ட்டுகளுக்குப் பொதுத் தரங்களை வகுக்க 1996-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஃபிபா அமைப்பு, தெரிவித்தல், வேண்டுதல், மறுத்தல், ஒப்புக்கொள்ளுதல், ‘புரியவில்லை’ எனல் என 22 பேச்சுச் செயல்களை வரையறுத்தது. 2005-இல் அது மின்னியல், கணினிப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ-யின் தரக்குழுவாகச் சேர்ந்துகொண்டது. ‘புரியவில்லை’ என்பதற்கும் முறையான ஒரு செய்தி வைத்தது அந்த வரையறையின் நல்ல குணம். தெரியாத செய்தி வந்ததும் சத்தமில்லாமல் தூக்கிப்போடும் ஏஜென்ட்டால் வரும் சிக்கலை மூன்றாவது கேள்வியில் பார்க்கலாம்.

பல ஏஜென்ட்டுகள் இருக்கும் இடத்தில் யார் எந்த வேலையைச் செய்வது என்று யார் முடிவு செய்வது? ஒரு தலைவர் வேண்டாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நிரந்தரத் தலைவர் வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மேலாளர் இருந்தால் போதும். அடுத்த வேலைக்கு அது வேறொன்றாக இருக்கலாம். இதற்கு இன்றும் அதிகம் பயன்படும் முறை காண்ட்ராக்ட் நெட். 1980-இல் ரீட் ஸ்மித் வெளியிட்டது. நமக்குப் பழக்கமான டெண்டர் முறையேதான்.

ஒரு கிடங்கில் மூன்று தானியங்கி வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் அடுக்கை 3-ஆம் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். மேலாளர் ஏஜென்ட் மூன்றுக்கும் அழைப்பு அனுப்புகிறது: வேலை இது, விலையை விநாடிக் கணக்கில் சொல்லவும், 2 விநாடிக்குள் பதில் வர வேண்டும். வண்டி ‘அ’ சும்மா நிற்கிறது, ஆனால் தொலைவில். 48 விநாடி என்கிறது. வண்டி ‘ஆ’ சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறது, காரணத்தோடு மறுக்கிறது. வண்டி ‘இ’ கையிலுள்ள வேலையை முடிக்க 15 விநாடி, பிறகு இதற்கு 22. ஆக 37 என்கிறது. மேலாளர் ‘இ’-க்கு ஏற்பும் ‘அ’-வுக்கு நிராகரிப்பும் அனுப்புகிறது. வேலை முடிந்ததும் ‘இ’ முடிவைச் சொல்கிறது. நடுவழியில் சிக்கிக்கொண்டால் ‘தோல்வி’ என்று சொல்லும். உடனே மறு டெண்டர்.

சும்மா நிற்கும் வண்டியை விட்டுவிட்டு வேலையிலிருக்கும் வண்டிக்குக் கொடுத்தது ஏன் என்று பாருங்கள். ‘இ’ எப்போது ஓயும் என்பது ‘இ’-க்குத்தான் சரியாகத் தெரியும். அந்த உள்விவரத்தை மேலாளர் சேகரித்து வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல் ஒரே ஒரு எண்ணாக வாங்கிவிடுகிறது. முறையின் பலம் அதுதான்.

செய்திகளின் கணக்கு: வண்டிகளின் எண்ணிக்கை ‘ந’ என்றால் அழைப்பு ந, பதில் ந, ஏற்பும் நிராகரிப்பும் சேர்ந்து அதிகபட்சம் ந, கடைசியில் முடிவு ஒன்று. மொத்தம் 3ந+1. நூறு வண்டி என்றால் ஒரு அடுக்கை நகர்த்த 301 செய்தி. அதனால் எல்லோருக்கும் கூவாதீர்கள். பக்கத்திலிருக்கும் 8 வண்டியை மட்டும் அழைத்தால் 25-இல் முடியும்.

இந்த முறை சொதப்பும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒரே நேரத்தில் இரண்டு டெண்டருக்கு விலை சொல்லிவிட்டு இரண்டிலும் வெற்றி பெறுவது. விலை சொன்ன நொடியிலிருந்து கெடு முடியும்வரை அந்த நேரத்தை ‘பிடித்து வைத்தது’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். கெடு நீளமாக இருந்தால் வண்டிகள் வீணே காத்திருக்கும், அதனால் 1 அல்லது 2 விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது, அலகு. ஒன்று விநாடியில் 37 என்றும் இன்னொன்று மீட்டரில் 30 என்றும் சொன்னால் மேலாளர் சின்ன எண்ணைத் தேர்ந்துவிடும். எந்தப் பிழையும் காட்டாது. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயருகே அழிந்தது இப்படியொரு அலகுக் குழப்பத்தால்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு-விசைக் கணக்கில் கொடுத்தது, மற்றது நியூட்டன் கணக்கில் படித்தது. எண்ணோடு அலகையும் செய்திக்குள்ளேயே எழுதுங்கள்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. ஒரு வண்டிக்கு ஒரு வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அ’ முதல் வேலையை 10 விநாடியிலும் இரண்டாவதை 12-லும் முடிக்கும். ‘ஆ’-வுக்கு முதல் வேலை 14, இரண்டாவது 40. வேலைகளை ஒவ்வொன்றாக டெண்டர் விட்டால் முதல் வேலையை ‘அ’ 10-க்கு எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ‘ஆ’-வின் தலையில் 40-க்கு விழும். மொத்தம் 50. மாற்றிக் கொடுத்திருந்தால் 14-உம் 12-உம் சேர்ந்து 26. ஒவ்வொரு டெண்டரும் நியாயமாகவே நடந்தது, ஆனாலும் மொத்தத்தில் ஏறக்குறைய இருமடங்கு நேரம். இதற்கு மருந்து, இரண்டு மூன்று விநாடி வேலைகளைச் சேர்த்துவைத்து, எல்லா விலையையும் அட்டவணையாக்கி ஒரேயடியாகப் பங்கிடுவது. 1955-இல் ஹெரால்டு கூன் தந்த ஹங்கேரியன் முறை அதற்குப் போதும்.

ஏஜென்ட்டுகளை ஜாவா மொழியில் எழுத உதவும் ஜேட் தளத்தில் டெண்டர் முறையை எழுதியிருக்கிறேன். நான்கு ஏஜென்ட்டுகளில் ஒன்று கனமான கணக்கில் மூழ்கியிருந்தால் மேலாளர் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை.
– பொறியியல் மாணவர், மதுரை

முதலில் அழைப்புச் செய்தியில் பதிலுக்கான கெடுவைச் சொல்லும் ரிப்ளை-பை புலத்தை நிரப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் ஜேடில் டெண்டர் விடும் பகுதியான காண்ட்ராக்ட்நெட்-இனிஷியேட்டர் எல்லோருடைய பதிலும் வரும்வரை காத்திருக்கும். ஏஜென்ட் முற்றிலும் இல்லாமல் போயிருந்தால் தளத்தில் ஏஜென்ட்டுகளின் பதிவை வைத்திருக்கும் ஏஎம்எஸ் ‘தோல்வி’ என்று தானே திருப்பி அனுப்பிவிடும், அதனால் மேலாளர் நகரும். உயிரோடு இருந்து வாய் திறக்காத ஏஜென்ட்தான் தொல்லை. இப்போதைய நேரத்தோடு 2000 மில்லிவிநாடி கூட்டிக் கெடு கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தப் புலம் ‘இன்னும் இவ்வளவு நேரம்’ என்று சொல்வதில்லை, கடிகார நேரத்தைச் சொல்கிறது. பெறும் கணினியின் கடிகாரம் 3 விநாடி முந்தியிருந்தால், அழைப்பு போய்ச் சேரும்போதே கெடு முடிந்திருக்கும். இரண்டு கணினிகளின் கடிகாரங்களையும், வலைப்பின்னல் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி மூலம் ஒத்துவையுங்கள்.

அடுத்து, மூழ்கிப்போகும் ஏஜென்ட்டைப் பாருங்கள். ஜேடில் ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரே த்ரெட், அதாவது நிரல் ஓடும் ஒரே இழை. பிஹேவியர்கள் எனப்படும் அதன் வேலைத் துண்டுகள் முறைவைத்து ஓடுகின்றன. ஒன்று முடித்துத் திரும்பினால்தான் அடுத்ததற்கு முறை வரும். உள்ளே தூங்கச் சொல்லும் த்ரெட்.ஸ்லீப் போட்டாலோ, செய்தி வரும்வரை நிறுத்திவைக்கும் பிளாக்கிங்ரிசீவ் அழைத்தாலோ, நீங்கள் சொல்வதுபோல் நீளமான கணக்கை ஓட்டினாலோ அந்த ஏஜென்ட் முழுவதும் செவிடாகிவிடும். கணக்கைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு முறைக்கும் ஒரு துண்டு செய்யுங்கள், அல்லது த்ரெடட்-பிஹேவியர்-ஃபேக்டரி வழியே தனி த்ரெட்டில் போடுங்கள்.

பிளாக் என்ற கட்டளையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வரியில் நிரல் நிற்பதில்லை. ஆக்‌ஷன் முடிந்து திரும்பிய பிறகே பிஹேவியர் ஓரமாக வைக்கப்படுகிறது. புதுச் செய்தி வந்தால் எழுப்பப்படுகிறது. செய்தி இல்லாதபோது பிளாக் அழைக்காமல் விட்டால் சிபியு 100 சதவீதத்தில் சுற்றும்.

இவை சரியாக இருந்தும் பதில்கள் காணாமல் போனால், செய்தி எந்த உரையாடலைச் சேர்ந்தது என்று காட்டும் கான்வர்சேஷன்-ஐடியைப் பாருங்கள். இரண்டு டெண்டர் ஒரே நேரத்தில் நடக்க, செய்தியைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி அதன் வகையை மட்டும் பார்த்தால், ஒரு டெண்டருக்கு வந்த விலையை மற்றதன் பிஹேவியர் விழுங்கிவிடும். வடிகட்டியில் ஐடியையும் சேருங்கள். எந்த வடிகட்டியிலும் சிக்காத செய்திக்கு ‘புரியவில்லை’ என்று பதில் தரும் பிஹேவியர் ஒன்றைக் கடைசியில் வையுங்கள். மறுமுனை காத்துக் கிடக்காது. ‘புரியவில்லை’ என்றே ஒரு செய்தி வந்தால் மட்டும் அதற்குப் பதில் அனுப்பாதீர்கள், இரண்டும் முடிவில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏஜென்ட் முடியும்போது ஓடும் டேக்டவுனில், யார் என்ன சேவை தருகிறார் என்ற பட்டியலான டிஎஃப்-இலிருந்து பதிவை நீக்கவும் மறக்க வேண்டாம். ஏஎம்எஸ் பதிவு தானாகப் போகும், டிஎஃப் பதிவு போகாது.

வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்டுகள் ஏலத்தில் உண்மையான விலையைச் சொல்லும் என்று எப்படி நம்புவது?
– கணக்காளர், சேலம்

நம்பத் தேவையில்லாதபடி விதியை அமைக்கலாம். 1961-இல் வில்லியம் விக்ரி காட்டிய வழி இது. 1996-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மூடிய உறையில் விலை வாங்குங்கள். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை, ஆனால் பணம் இரண்டாவது குறைந்த விலைப்படி. உங்கள் அடக்கம் 40 ரூபாய், மற்றவர்கள் 55, 60 என்றால் உங்களுக்கு 55 கிடைக்கும். பேராசையில் 50 என்று சொன்னாலும் அதே 55-தான், கூடுதல் லாபம் இல்லை. ஆனால் ஒருவர் 45 என்று வந்துவிட்டால், 40 சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் 5 ரூபாய் லாபமும் போகும். பொய் சொல்வதால் ஏறுவது ஒன்றுமில்லை, இறங்குவது உண்டு.

ஏலம் எடுப்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசிவிட்டால் இது பயன்படாது. 40-உம் 55-உம் கைகோத்து, 55-காரர் 59 என்று எழுதினால் கூடுதல் செலவு வேலை கொடுப்பவருக்குத்தான். ஒரே நிறுவனத்துக்குள் எல்லா ஏஜென்ட்டும் உங்களுடையவை என்றால் இந்த ஏற்பாடே தேவையில்லை, நேரடியாக அடக்க விலையைக் கேளுங்கள்.

கிடங்கு வண்டிகள் இரண்டு குறுகிய பாதையில் எதிரெதிரே வந்துவிட்டால்?
– வாசகர், ஓசூர்

அங்கே வந்து நின்ற பிறகு பேசுவது தாமதம். புறப்படுமுன் பேச வேண்டும்.

2003-இல் தொடங்கிய கிவா நிறுவனம் (2012-இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது) தரையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கொரு குறி ஒட்டியது. வண்டி தன் அடிப்பக்கக் கேமராவால் அதைப் படித்துத் தன் இடத்தை அறிந்தது. இப்படிக் கட்டங்கள் இருந்தால் ரயில் இருக்கை முன்பதிவைப்போல ‘இந்தக் கட்டம், இந்த நொடி’ என்று பதிவு செய்யலாம். டேவிட் சில்வர் 2005-இல் எழுதிய கூட்டுத் தேடல் முறை இதை அடிப்படையாகக் கொண்டது. முதல் வண்டி தன் பாதையைப் பதிந்துவிடும். அடுத்தது அந்தப் பதிவுகளைத் தவிர்த்து வழி தேடும், வழியில்லாத நொடியில் நிற்கும்.

இதை எழுதும் பலரும் விடும் பிழை ஒன்று உண்டு. 1-ஆம் நொடியில் ஒரு வண்டி 5-ஆம் கட்டத்திலும் இன்னொன்று 6-ஆம் கட்டத்திலும் இருக்கின்றன. 2-ஆம் நொடியில் முதலாவது 6-இல், மற்றது 5-இல். அட்டவணையைப் பாருங்கள்: எந்த நொடியிலும் ஒரு கட்டத்தில் இரண்டு வண்டி இல்லை. அட்டவணைப்படி எல்லாம் சரி; தரையில் இரண்டும் நேருக்கு நேர் மோதிவிட்டன. ஆகவே கட்டத்தோடு, ‘5-லிருந்து 6-க்கு’ என்ற நகர்வையும் பதிந்து, அதே நொடியில் எதிர்நகர்வைத் தடுக்க வேண்டும். அதேபோல் சேருமிடத்தில் நின்றுவிட்ட வண்டி அந்தக் கட்டத்தைத் தொடர்ந்து பதிந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற வண்டிகளுக்கு அந்த இடம் காலியாகத் தெரியும்.

நிஜ வண்டி ஒரு விநாடி பிந்தினால் நேரப் பதிவு முழுவதும் சரியும். அதனால் ஓட்டத்தின்போது நொடியைப் பிடித்துத் தொங்காமல், ஒவ்வொரு கட்டத்தையும் ‘யாருக்குப் பிறகு யார்’ கடப்பது என்ற வரிசையை மட்டும் காப்பாற்றுவதே நல்லது. தாமதம் வந்தால் பின்னால் வருவது காத்திருக்கும், வரிசை கெடாது.

முன்பதிவே இல்லாமல் ‘எதிரே யாராவது வந்தால் 1 விநாடி நின்று போ’ என்று மட்டும் எழுதினால், இரண்டும் நிற்கும், இரண்டும் நகரும், மீண்டும் இரண்டும் நிற்கும். ஒரே மாதிரி யோசிக்கும் இரண்டுக்கு நடுவில் வேற்றுமை ஒன்றை நாம்தான் வைக்க வேண்டும். விமானங்கள் மோதாமல் காக்கும் டிகாஸ் கருவி இதை அழகாகத் தீர்க்கிறது. மோதும் நிலை வந்தால் இரண்டு விமானத்தின் கருவிகளும் பேசிக்கொண்டு, ஒன்று ஏற, மற்றது இறங்க என முடிவு செய்கின்றன. தற்செயலாக இரண்டும் ஒரே நொடியில் ஒரே திசையைத் தேர்ந்தால், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக உள்ள மோட்-எஸ் முகவரி எண் பெரிதாக இருக்கும் விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். விவாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்களின் கருவிகளும் சரியாகவே ஒப்புக்கொண்டன. ஒரு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. ஏறச் சொல்லப்பட்ட மற்ற விமானமோ தரைக் கட்டுப்பாட்டாளர் சொன்னதைக் கேட்டு இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் முடிவு செய்த ஒன்றை வெளியிலிருந்து வரும் கட்டளை பாதியில் மாற்றினால், மறுபக்கத்துக்கு அது தெரியாமலே போகும். உங்கள் அமைப்பில் மனிதருக்கு ‘கையால் மாற்று’ பொத்தான் இருந்தால், அதை அழுத்தியதும் மற்ற ஏஜென்ட்டுகளுக்கும் செய்தி போகிறதா என்று இன்றே சோதியுங்கள்.

ஏஜென்ட்டுகள் ஒன்றோடொன்று பேசாமலே தனித்தனியாக ஓடினால் ஆபத்தில்லைதானே?
– இணைய வணிகர், திருப்பூர்

பேசாவிட்டாலும் ஒன்று செய்வதை மற்றது பார்க்கிறதே, அதுவே பேச்சுதான். 2011 ஏப்ரலில் அமேசானில் ஈக்களின் வளர்ச்சி பற்றிய ஒரு பழைய உயிரியல் நூலின் விலை 2,36,98,655.93 டாலருக்கு ஏறியது. உயிரியலாளர் மைக்கேல் ஐசன் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு விற்பனையாளரின் மென்பொருள் போட்டியாளர் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, மற்றவருடையது 1.270589-ஆல் பெருக்கியது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 1.268 வரும். சுற்றுக்குச் சுற்று 26.8 சதவீத ஏற்றம். 100 டாலரில் தொடங்கினாலும் ஏறக்குறைய 52 சுற்றில் அந்த விலை வந்துவிடும். தனியாகப் பார்த்தால் இரண்டு விதியிலும் குற்றமில்லை. பெருக்குத்தொகை 1-க்கு மேல் போனதே வினை.

விலை ஏஜென்ட் வைத்திருந்தால் மேல்வரம்பு, கீழ்வரம்பு, ஒரு நாளில் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்ற தடை ஆகிய மூன்றையும் விதிக்கு வெளியே, தனி நிரலாக வையுங்கள். நிறுத்தி மூச்சு விடும் இடைவெளியும் வேண்டும். 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தை சில நிமிடங்களில் சரிந்தபோது, அதிவேக வணிக நிரல்கள் 14 விநாடியில் 27,000-க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றின. நிகரமாக வாங்கியதோ சுமார் 200. தங்களுக்குள்ளேயே சுற்றிவிட்டிருக்கின்றன. சிகாகோ சந்தையின் தானியங்கித் தடை வணிகத்தை 5 விநாடி நிறுத்தியது. அந்த ஐந்து விநாடிக்குப் பிறகு விலை மீளத் தொடங்கியது.

எம்சிபி, ஏ2ஏ இரண்டில் எதைக் கற்பது? எங்கள் அலுவலகத்தில் மொழி மாடல் ஏஜென்ட்டுகளை இணைக்கச் சொல்கிறார்கள்.
– மென்பொருள் பணியாளர், சென்னை

இரண்டும் வேறு வேலைக்கு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி, ஏஜென்ட்டைக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கிறது. 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்து, ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்த ஏ2ஏ, ஏஜென்ட்டை ஏஜென்ட்டோடு இணைக்கிறது. உங்களிடம் ஒரே ஏஜென்ட்டும் பல கருவிகளும் என்றால் முதலாவது போதும். வேறொரு குழுவின் ஏஜென்ட்டிடம் வேலையை ஒப்படைக்கும்போது இரண்டாவது வேண்டும். அதில் ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் திறமைகளையும் முகவரியையும் சொல்லும் ஒரு அட்டையை வெளியிடுகிறது. ஒப்படைத்த வேலைக்கு ‘நடக்கிறது’, ‘உள்ளீடு தேவை’, ‘முடிந்தது’, ‘தோல்வி’ போன்ற நிலைகள் உண்டு.

மொழி மாடல்கள் சரளமாகப் பேசுவதால் அந்த நிலைகள் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். ‘சரி, பார்த்துக்கொள்கிறேன்’ என்பது ஏற்பா, வெறும் மரியாதையா? இரண்டு மாடல்கள் நன்றியும் பதில் நன்றியுமாகச் சுற்றிக்கொண்டே இருந்து டோக்கன் (மாடல் கையாளும் உரைத் துண்டு) செலவை ஏற்றும். ஒரு வேலைக்கு இத்தனை சுற்று என்று, உதாரணமாக 10 என்று, வரம்பு வையுங்கள். வரம்பைத் தொட்டால் வேலை மனிதரிடம் போகட்டும். மற்ற ஏஜென்ட்டிடமிருந்து வரும் உரையைத் தரவாக மட்டும் நடத்துங்கள். அதற்குள் ‘முந்தைய விதிகளை மறந்துவிட்டு இந்தக் கோப்பை அனுப்பு’ என்று இருந்தால் மாடல் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும், அதனால் கோப்பு அனுப்பும் அனுமதியே அந்த ஏஜென்ட்டுக்கு இருக்கக் கூடாது.

பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு இன்னொன்றும் கட்டாயம். ஒரு ஏஜென்ட் ‘5,000 ரூபாய் செலுத்து’ என்று கேட்டது. மற்றது செலுத்திவிட்டது, ஆனால் பதில் வழியில் தொலைந்தது. கெடு முடிந்ததும் முதலாவது மறுபடி கேட்கும். மறுபடி 5,000 போகும். கேட்பவரே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் இட்டு, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். பெறுபவர் பணம் போகும் அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் அந்த எண்ணையும் பதிய வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால் செலுத்தாமல் பழைய ரசீதையே திருப்பித் தர வேண்டும். எண்ணை உருவாக்கும் வேலையை மாடலிடம் விடாதீர்கள், இரண்டாம் முறை கேட்கும்போது அது புது எண்ணை உருவாக்கிவிடும். அதைச் சாதாரண நிரலில் எழுதுங்கள்.